ஆமி, பொலிஸ், கைத்தொழில், வெளிநாடு: பத்தொன்பது வயதில் எதற்குக் கையெழுத்து வைப்பது?

ஏ.எல். பெறுபேறு வந்து ஒரு மாதம் கழிந்தால் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடும். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்தில் நீண்ட காலம் படிப்பித்தவன் என்பதால் பழைய மாணவர்கள் வருவார்கள். இந்த முறை மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள்: "சேர், ஆமிக்கு ஆள் எடுக்கிறாங்களாம். போகலாமா?"

ஒருவனுக்கு அப்பா இல்லை, கீழே இரண்டு தங்கைகள். இன்னொருவன் லீவு நாட்களில் வெல்டிங் பட்டறையில் நின்று பழகியவன். மூன்றாமவன் ஓட்டப் போட்டியில் மாவட்டம் வரை போனவன். சின்ன வயதில் இருந்தே சீருடைதான் ஆசை. முதலாமவனின் அம்மாவும் கூட வந்திருந்தார். நாங்கள் பேசி முடியும்வரை வாய் திறக்கவில்லை. எழும்பிப் போகும்போது மட்டும், "இவன் போனா நான் என்ட அக்காவுக்கு என்னெண்டு முகம் குடுக்கிற சேர்?" என்று கேட்டார். அக்காவின் மகன் 1990இல் பிடித்துக்கொண்டு போகப்பட்டவன். திரும்பி வரவில்லை.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்று சொன்னதையும் அப்புறம் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் கருத்தை ஒளிக்கவில்லை: எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆமி முதல் தெரிவாக இருக்கக் கூடாது. சிலருக்கு அது சரியான தெரிவுதான். அந்தச் சிலர் யார் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் கேட்பது சம்பளம். கேட்க வேண்டியதுதான். ஆனால் கடனும் வட்டியும் போக வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா என்பது. பத்தொன்பது வயதில் எடுக்கும் முடிவு பிழைக்கலாம், அது குற்றம் இல்லை. பிழைத்த முடிவை இருபத்தொரு வயதில் திருத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு சேர்ந்தது, வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும் என்பது. ஒரு சான்றிதழா, ஒரு தொழிலா, ஒரு பென்சனா, இல்லை வெறும் அனுபவமா?

அப்புறம் மொழி. எந்த மொழியில் கட்டளை வரும், எந்த மொழியில் முறைப்பாடு எழுதுவீர்கள் என்பது அன்றாடம் உங்கள் மரியாதையைத் தீர்மானிக்கும்.

கடைசியாக வீடு. இதைப் பலர் உணர்ச்சி என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன். மட்டக்களப்பில் "சேர்ந்திட்டான்" என்ற சொல்லுக்கே ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் இயக்கம் கேட்ட காலத்தில் பிள்ளையை அறைக்குள் பூட்டி வைத்த தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தவர்களில் 158 பேரை 1990 செப்டம்பர் 5இல் படையினர் ஏற்றிக்கொண்டு போனதையும், நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலையையும் கண்ட வீடுகளும் இருக்கின்றன. அதே வருடம் ஜூனில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் புலிகளால் கொல்லப்பட்டதும் இந்தக் கிழக்கு மண்ணில்தான், திருக்கோவில் ரூபஸ்குளத்துக் காட்டுப் பக்கம். சீருடை என்றவுடன் ஒரு தாய் வாயடைத்துப் போகிறாள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

| | ஆமி | பொலிஸ் | கைத்தொழில் | வெளிநாடு |
|---|---|---|---|---|
| தொடக்கக் காசு | முதல் மாதமே சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் | பயிற்சியிலேயே சம்பளம் | மிகக் குறைவு | நல்ல காசு, ஆனால் கடனோடு |
| கட்டுப்படும் காலம் | பென்சனுக்கு 22 வருடம் | நீண்ட கால அரச வேலை | பாடநெறிக் காலம் மட்டும் | பெரும்பாலும் 2 வருடம் |
| இடையில் விலகினால் | அனுமதி இல்லாமல் போனால் குற்றம் | முறைப்படி விலகலாம் | தடை இல்லை | கடன் கழுத்தில் நிற்கும் |
| வேலை மொழி | சிங்களம் | சிங்களமும் தமிழும் | தமிழ் போதும் | ஆங்கிலம், அரபு, ஹிந்தி கலந்தது |
| கையில் மிஞ்சுவது | பென்சன். தொழிற்பிரிவு என்றால் தொழிலும் | பென்சன் | சான்றிதழும் தொழிலும் | சேமித்தால் காசு |

## ஆமி

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. இலங்கையில் கட்டாய இராணுவ சேவை இல்லை, விரும்பியவர்தான் சேர்கிறார். சேர்வதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. யாராவது "ஆளைத் தெரியும், இவ்வளவு தாங்க" என்று கேட்டால் அவன் புரோக்கர், எழும்பி வந்துவிடுங்கள். சாப்பாடு, உடுப்பு, தங்குமிடம், வைத்தியம், இலவசப் பயணத்துக்கான வாரண்ட் எல்லாம் கிடைக்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவில் இருந்து 40,000 ரூபாவுக்குப் படிப்படியாகக் கூட்ட முடிவெடுத்தார்கள். ஆமியில் அதற்கு மேல் படிகளும் சேரும். கையில் செலவே இல்லாமல் இவ்வளவும் கிடைப்பதால், இருக்கும் நாலு வழிகளில் முதல் வருடம் வீட்டுக்கு ஆகக் கூடுதலாக அனுப்பக்கூடியது இதில்தான் என்பது என் கணக்கு.

22 வருடம் முடித்தால் சிப்பாய்க்கு மாதாந்தப் பென்சன். பத்தொன்பதில் சேர்ந்தவர் 41 வயதில் பென்சனோடு வெளியே வருவார். இந்த ஒரு விஷயத்துக்காகவே தெற்கில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பிள்ளையை அனுப்புகின்றன.

சரி, இனி மறைந்திருக்கும் செலவு. அந்தப் பென்சன் 22 வருடத்தின் மறு கரையில் நிற்கிறது. ஏழாம் வருடம் முடியாமல் போய் விலகினால் அது வராது. சொல்லாமல் வீட்டுக்கு வந்து இருந்துவிட்டால் இராணுவச் சட்டத்தின்படி நீங்கள் தப்பியோடியவர். இது காகிதத்தில் மட்டும் இருக்கும் சட்டம் இல்லை. 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அப்படிப் போனவர்கள் சட்டப்படி விலகிக்கொள்ளப் பொதுமன்னிப்புக் காலம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில், வராமல் நிற்பவர்களைக் கைது செய்யப் பாதுகாப்பு அமைச்சு உத்தரவு போட்டது. மன்னிப்புக் காலம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு ஆட்கள் இடையில் ஓடுகிறார்கள் என்பதை யோசியுங்கள். அவர்கள் எல்லோரும் கோழைகள் இல்லை. பத்தொன்பது வயதில் போட்ட கணக்கு இருபத்தாறில் பிழைத்துப்போனவர்கள்.

இன்னொன்று, படை சுருங்கிக்கொண்டு போகிறது. இரண்டு இலட்சத்தைத் தாண்டி இருந்த ஆமியை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. சுருங்கும் இடத்தில் சேர்பவருக்குப் பதவி உயர்வு வேகமாக வராது என்றுதான் நான் நினைக்கிறேன். யுத்த காலத்தில் சேர்ந்த ஒருவரின் ஏற்றத்தைப் பார்த்து இன்றைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

மொழி பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பில் தமிழும் அரச கரும மொழிதான், 1987இல் இருந்து. ஆனால் மைதானத்தில் கட்டளை சிங்களத்தில்தான் வரும். பகிடியும் திட்டும் கூட சிங்களத்தில்தான். சிங்களம் தெரியாத பிள்ளை முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வான். அவன் கெட்டிக்காரனாக இருந்தாலும் மந்தமானவன் என்ற பெயர் முதல் மாதத்திலேயே ஒட்டிவிடும். படித்துக் கொள்ளலாம் என்று போனவர்களில் ஒருவன், என் பழைய மாணவன்தான், இப்போது சிங்களத்தைத் தண்ணீர் மாதிரிப் பேசுகிறான். ஆனால் அந்த முதல் வருடத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

அம்பாறையில் போர்ப் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது, புனானையில் படைத் தலைமையகம் இருக்கிறது, அதனால் வீட்டுக்குக் கிட்டத்தான் போடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. தியத்தலாவை குளிரிலும் நிற்கலாம், வன்னிக் காட்டிலும் நிற்கலாம்.

வீடு என்ற அளவுகோலுக்கு வருவோம். மாவீரர் நாளான நவம்பர் 27இல் தரவைத் துயிலுமில்லத்துக்கோ மாவடி முன்மாரித் துயிலுமில்லத்துக்கோ விளக்கோடு போகும் வீடாக உங்கள் வீடு இருந்தால், சீருடை போட்ட பிறகு அந்த நாளில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? அம்மா எங்கே நிற்பார்? இதைப் பேசாமல் பத்திரத்தை நிரப்பாதீர்கள். அதே நேரம், அப்படிச் சேர்ந்த பிள்ளையைத் துரோகி என்று ஏசுவதை நான் ஏற்கமாட்டேன். சுதந்திரத்துக்குப் பின் இந்த நாட்டு இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கையர் அன்டன் முத்துக்குமாரு, 1955இல், ஒரு தமிழர். அந்த ஆமி வேறு, பின்னால் வந்தது வேறு என்று நீங்கள் சொல்லலாம்; அது உண்மைதான். ஆனாலும் பசி இருக்கும் வீட்டில் இருந்து சம்பளத்துக்குப் போகும் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆமி யாருக்குப் பொருந்தும்? சிங்களம் ஓரளவாவது பேச வரவேண்டும். ஒழுங்கும் உடற்பயிற்சியும் கூட்டு வாழ்க்கையும் உண்மையிலேயே பிடிக்க வேண்டும். காசுக்காக மட்டும் போகிறவர் 22 வருடம் தாக்குப்பிடிக்கமாட்டார். வீட்டில் வாய்விட்டுச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், சாதாரண சிப்பாயாகப் போவதைவிட தொழிற்பிரிவுகளுக்கு ஆள் எடுக்கும் அறிவித்தலுக்குக் காத்திருங்கள். பொறியியல், மின் இயந்திரம், சமிக்ஞை, மருத்துவம் என்று பிரிவுகள் இருக்கின்றன. தொழில் சான்றிதழோடு போனால் 41 வயதில் வெளியே வரும்போது ஏதாவது ஒரு கட்டடத்தின் வாசலில் காவலாளியாக நிற்கத் தேவையில்லை. ஓட்டக்காரனுக்கு நான் சொன்னது இதுதான். அவனுக்கு முதல் தேவை ஒரு வருடச் சிங்கள வகுப்பு.

## பொலிஸ்

சீருடைதான் ஆசை, ஆனால் ஆமி என்றால் வீட்டில் அழுகை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது. எங்கள் பகுதியில் தமிழ் பேசும் பொலிஸாருக்குப் பஞ்சம். தன் முறைப்பாட்டைத் தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதி, கீழே கையெழுத்து வைத்துவிட்டு வரும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அந்த மேசையில் தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் அது எவ்வளவு பெரிய சேவை! இங்கே உங்கள் தாய்மொழியே உங்கள் தகைமை. கல்லடியிலேயே பொலிஸ் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. விலக வேண்டும் என்றால் ஆமியைப் போல இராணுவ நீதிமன்றம் இல்லை, முறை இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு முன் வைக்கும் ஒப்பந்தத்தை வாசியுங்கள்.

மறைந்த செலவு இரண்டு. இடமாற்றம் ஒன்று. மற்றது, உங்கள் சனத்துக்கு முன்னாலேயே நிற்க வேண்டி வருவது. 2023 செப்டம்பரில் மயிலத்தமடு மாதவணை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியில் குந்தினார்கள். அப்படி ஒரு நாளில் உங்கள் மாமா பதாகையோடு அந்தப் பக்கம், நீங்கள் தடியோடு இந்தப் பக்கம் நிற்க நேரலாம். ஆமிக்காரனுக்கு இது அடிக்கடி வராது. பொலிஸ்காரனுக்கு வரும்.

ஆபத்தும் இல்லை என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் இறுதியில் வவுணதீவுக் காவலரணில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழ்ப் பிள்ளை, ஒருவர் சிங்களப் பிள்ளை. பழி முதலில் முன்னாள் போராளிகள் மேல் விழுந்து ஒருவர் உள்ளேயும் இருந்தார். பிறகுதான் அது 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலை நடத்திய சஹ்ரானின் ஆட்கள் செய்தது என்று வெளிவந்தது. அந்த விசாரணை அறையில் மொழியும் ஊரும் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் என்று எனக்குப் பல தடவை தோன்றியது உண்டு.

பெண் பிள்ளைகள் கேட்டால் நான் தயங்காமல் பொலிஸைத்தான் சொல்வேன். ஆமியில் மகளிர் படை 1979இல் இருந்து இருக்கிறது, 2012இல் கிளிநொச்சிப் பக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்களை எடுத்தார்கள். ஆனால் அடி வாங்கி வரும் பெண்ணிடம் தமிழில் பேச மகளிர் பொலிஸ் இல்லாத குறை எங்கள் நிலையங்களில் அதைவிடப் பெரிய குறை.

## கைத்தொழில்

பெற்றோருக்குப் பிடிக்காத தெரிவு, ஏனென்றால் முதல் வருடம் கையில் காசு வராது. பெருமையும் வராது. "மகன் பட்டறையில நிக்கிறான்" என்று சொல்ல வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கத்தால் நல்ல தொழிலாளிகள் பலரை இழந்திருக்கிறோம்.

தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களாக இருக்கிறது. மூன்றும் நாலும் கைத்தேர்ச்சி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகள், அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனம் என்று வாசலில் இருந்து பஸ் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் இடங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே வேலை தெரிந்தவர், வகுப்புக்குப் போகாமல் தன் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் எடுக்கும் வழியும் இருக்கிறது. வெல்டிங் பழகியவன் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அன்று அவன் முகம் மாறியது எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

மறைந்த செலவு, நாட்கூலியில் சிக்கிவிடுவது. கொம்பனியில் முறையாகச் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் எடுத்து முதலாளி 12 சதவீதம் போடுவார், நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம். நாட்கூலியில் இதில் எதுவும் இல்லை. விழுந்து கை முறிந்தால் அன்றோடு வருமானமும் முறியும்.

ஆனால் நாலு வழிகளில் இது ஒன்றுதான் மற்ற மூன்றையும் மூடாதது. சான்றிதழ் எடுத்த பிறகு ஆமியின் தொழிற்பிரிவுக்கும் போகலாம், கட்டாருக்கும் போகலாம், ஊரிலேயே பட்டறையும் போடலாம். வீட்டில் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வழி இருக்கிறது என்றால் இதையே முதலில் செய்யுங்கள்.

## வெளிநாடு

கட்டாரில் 2021 மார்ச்சில் இருந்து ஆகக் குறைந்த சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் முறையே 500, 300 ரியால் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். வேலை மாற முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற பழைய விதியையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். வேலை தெரிந்தவர் இதைவிடக் கூட எடுப்பார். வேலை தெரியாமல் போகிறவர் இந்த அடிமட்டத்தில்தான் நிற்பார், அதுவும் வெயிலில்.

மறைந்த செலவு, போவதற்கு வாங்கும் கடன். மீற்றர் வட்டிக்கு எடுத்துக் கட்டியவர் முதல் வருடம் முழுக்க வட்டிக்காரனுக்கே உழைப்பார். நகையை வங்கியில் வைத்தாலும் பரவாயில்லை, தெருவில் வட்டிக்கு வாங்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விசிட் விசாவில் ஏறாதீர்கள். முகவர் பதியப்பட்டவரா என்று 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். கொரியாவுக்கு மொழிப் பரீட்சை மூலம் அரசாங்க வழியாகவே போகலாம், அதற்குப் பொறுமைதான் முதல்.

ஒரு எச்சரிக்கை. ரஷ்யாவில் உதவி வேலை, பெரிய சம்பளம், குடியுரிமை என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேரில் 59 பேர் இறந்துவிட்டதாக 2025 தொடக்கத்தில் வெளிவிவகார அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். அப்படிப் போனவர்களில் பலர் முன்னாள் இராணுவத்தினர். ஐரோப்பாவுக்குப் போக ஏறி அங்கே சிக்கிய வடக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

## அப்பா இல்லாத பிள்ளைக்கு

முதலாமவனுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. காசு உடனே வேண்டும், ஒரு வருடம் காத்திருக்க வீட்டில் வழியில்லை. ஆமிதான் அவன் கணக்குக்கு நேரே பொருந்துகிறது. ஆனால் சிங்களம் தெரியாது, அம்மாவால் தாங்க முடியாது, அவனுக்கும் உள்ளூர ஆசை இல்லை, தங்கைகளுக்காகக் கேட்கிறான். பிரதேச செயலகத்தில் மனிதவள அலுவலரைப் பார்க்கச் சொன்னேன், சம்பளத்தோடு தொழில் பழகும் இடம் ஏதாவது இருக்கிறதா என்று. பொலிஸ் அறிவித்தல் வந்தால் விண்ணப்பிக்கவும் சொன்னேன். அதற்குப் பிறகும் ஆமிதான் என்றால், அம்மாவையும் பெரியம்மாவையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசிவிட்டுப் போ, அவர்கள் பக்கத்து வீட்டார் சொல்லிக் கேள்விப்படக் கூடாது என்றேன். தேவையென்றால் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாலில் எதுவாக இருந்தாலும், கையெழுத்து வைக்கும் பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். இல்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து தெரிந்தவரிடம் ஒவ்வொரு வரியாக வாசித்துக் கேளுங்கள். எத்தனை வருடம், இடையில் விலகினால் என்ன, காயப்பட்டால் என்ன என்ற மூன்று இடங்களுக்கும் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். வாசிக்கக் கொண்டுபோக விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் அன்றைக்குக் கையெழுத்து வைக்காமல் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.